கொல்லை மரத்தில் செய்த மேசை: வெடித்தாலும் உளுத்தாலும் எங்கே பார்க்க வேண்டும்?

பட்டுக்கோட்டைப் பக்கம் என் பட்டறை. கடைப் பலகை வாங்கிச் செய்யும் வேலை இங்கே குறைவு. கொல்லையில் நின்ற மாவையோ பலாவையோ டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, "தாத்தா வச்ச மரம், இதுலயே ஒரு சாப்பாட்டு மேசை பண்ணிக் குடுங்க" என்று நிற்பவர்கள்தான் அதிகம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் போன வழியில் விழுந்த மரங்களை விறகுக்குத் தள்ள மனமில்லாதவர்கள் அப்படி நிறையப் பேர் வந்தார்கள். கெட்டுப்போன வேலைகளையும் அந்தச் சில வருடங்களில்தான் அதிகம் பார்த்தேன். பாதி மற்றவர்கள் செய்தது, மீதி நானே செய்தது.

மேசையில் தெரியும் கோளாறு பெரும்பாலும் மேசை செய்யும்போது வந்ததாக இருக்காது. மரம் சாய்ந்த நாளுக்கும் பலகையில் இழைப்புளி வைத்த நாளுக்கும் நடுவில் வந்திருக்கும். அதனால் யார் என்ன கோளாறோடு வந்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். மரம் எப்போது விழுந்தது? எத்தனை நாள் கழித்து அறுத்தீர்கள்? அறுத்த பலகை எங்கே, எப்படிக் கிடந்தது?

எதற்கும் முன்னால்: ஈரம் பாருங்கள்

கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ஈரத்தில் போய்த்தான் முடியும். பச்சை மரத்தில் ஈரம், மரத்தின் காய்ந்த எடையோடு ஒப்பிட்டால், ஐம்பது, அறுபது சதவீதம் இருக்கும், சிலதில் நூறையும் தாண்டும். ஆனால் அது ஏறக்குறைய 28 சதவீதத்துக்கு இறங்கும்வரை மரம் சுருங்குவதில்லை. சுருக்கமும் வளைவும் வெடிப்பும் அதற்குக் கீழேதான் நடக்கின்றன. "ரெண்டு மாசமாக் காயுது, ஒண்ணும் ஆகலையே" என்று பலகையை நம்பி வேலையில் இறங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மாய்ஸ்சர் மீட்டர் இருந்தால் பலகையின் மேலே குத்திப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நுனியிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு துண்டு அறுத்து, புதிதாக அறுபட்ட முகத்தின் நடுவில் குத்துங்கள். மேலே 12 காட்டும் பலகை உள்ளே 22 காட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மீட்டர் இல்லையென்றால் அந்தத் துண்டை நகைக்கடைத் தராசு போல் கிராம் காட்டும் தராசில் நிறுத்து, மின் அடுப்பில் (oven) 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை காய வைத்து மறுபடி நிறுங்கள். 92 கிராம் 80 ஆனால் போனது 12. அதை 80-ஆல் வகுத்தால் 15 சதவீதம். அதுவும் முடியாதவர்கள் ஒரே பலகையை வாரம் ஒருமுறை கொக்கித் தராசில் தொங்கவிடட்டும். மூன்று வாரம் தொடர்ந்து எடை இறங்கவில்லை என்றால், அந்த இடத்துக் காற்றில் அது காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது. கடலோர ஊர்களில் இது 13, 14-இல் நிற்கும். ஏசி அறைக்குப் போகும் சாமானுக்கு அது போதாது. அந்தக் கதை பின்னால் வரும்.

கட்டையின் இரு நுனியிலும் நட்சத்திரம் போல் வெடிப்பு

நுனி வழியாக ஈரம் போகும் வேகம் பக்கங்களை விடப் பல மடங்கு. நுனி முதலில் சுருங்கும், உள்ளே இருக்கும் மரம் விட்டுக்கொடுக்காது, அதனால் வெடிக்கும். வெடித்ததை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. வெடிப்பு முடியும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வெட்டி எறியுங்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை அங்கே இருக்கும்.

வராமல் தடுப்பது சுலபம். மரம் விழுந்த அன்றைக்கே நுனியில் மிச்சப் பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ தடவிவிட வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசாரி சாணியையும் களிமண்ணையும் குழைத்து அப்புவார், அதுவும் வேலை செய்யும். ஒரு வாரம் கழித்துத் தடவுவது எதற்கும் ஆகாது.

வெடிப்பு நுனியோடு நிற்காமல் பலகை நீளத்துக்கும் ஓடினால், அந்தப் பலகையில் மரத்தின் நடுச்சோறு, அதாவது நட்டநடுவில் ஓடும் மெத்தென்ற பகுதி, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வெடித்தே தீரும். சா மில்லில் (மரம் அறுக்கும் ஆலையில்) நிற்கும்போதே நடுச்சோறு ஒரே பலகையோடு போய்விடும்படி அறுக்கச் சொல்வதுதான் வழி. ஒரு பலகை நஷ்டம், மற்றவை பிழைக்கும்.

பலகை கிண்ணம் போல் குழிந்துவிட்டது, அல்லது முறுக்கிக்கொண்டது

இரண்டும் வேறு வேறு. பலகையின் குறுக்கே அடிமட்டம் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிவது குழிவு. முறுக்கு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஒரே உயரமுள்ள இரண்டு நேர்ச்சட்டங்களைப் பலகையின் இரு நுனியிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடி, முன் சட்டத்தின் மேல்விளிம்போடு பின் சட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் முறுக்கு.

குழிவென்றால் நுனியில் வளையங்களைப் பாருங்கள். பட்டைப் பக்கமாகக் குழிந்திருந்தால் அது மரத்தின் குணம். வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம், குறுக்குத் திசையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, இழைத்து, மறுபடி ஒட்டுவதுதான் தீர்வு. வளையத்துக்குச் சம்பந்தமில்லாமல் குழிந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டிருக்கும். குழிந்த பக்கம் ஈரப் புல்லில் படும்படி கவிழ்த்து, முதுகு வெயிலைப் பார்க்கப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், மறந்துபோனால் எதிர்ப்பக்கம் குழிந்து நிற்கும்.

முறுக்கிய பலகையோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆறு அடிப் பலகையில் ஓர் அங்குல முறுக்கு என்றால், ஒன்றரை அடித் துண்டில் அது கால் அங்குலம்தான். சின்னத் துண்டாக்கி டிராயருக்கோ ஸ்டூலுக்கோ பயன்படுத்துங்கள்.

மாம்பலகையில் நீலமும் கறுப்புமாகத் திட்டு

பூஞ்சணம். மரத்தின் பலத்தை அது பெரிதாகக் குறைக்காது, ஆனால் இழைத்தாலும் போகாது, ஆழமாகப் பாய்ந்திருக்கும். மழைக்காலத்தில் அறுக்காமல் போட்ட கட்டையிலும், அறுத்தும் பலகை மேல் பலகையாக அடுக்கிவைத்த இடத்திலும் வரும். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் காய்ந்த ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று வரும்படி அடுக்கியிருந்தால் வந்திருக்காது. வந்துவிட்டால் அடர்ந்த நிறம் கொடுங்கள், அல்லது அப்படியே விடுங்கள். அந்தத் திட்டு அழகாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிப்போனவர்களும் உண்டு.

வேம்பு, பூவரசு, கருவேலத்தில் கருநீலக் கறை

இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் வரும் மை இது. ஸ்க்ரூவைச் சுற்றி வந்தால் ஸ்க்ரூவைப் பித்தளைக்கு மாற்றுங்கள். கறையின் மேல் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவி, தண்ணீரில் நன்றாகத் துடைத்தால் வெளுக்கும். அது விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தூளாக உதிர்வதை மூச்சில் இழுக்காதீர்கள். அறுக்காத கட்டையின் நுனியிலேயே இந்தக் கறை தெரிந்தால் உள்ளே ஆணி இருக்கிறது என்று அர்த்தம். மாடு கட்டிய வேம்பு, போஸ்டர் அடித்த தெருவோர மரம் எதிலும் இருக்கும். சா மில்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வாள் பல் போனால் அந்தக் காசு உங்கள் தலையில்தான்.

மேசைக்கடியில் மாவு மாதிரித் தூள்

இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மூன்று வேறு பூச்சிகளைக் குழப்பிக்கொண்டு தப்பான மருந்து அடிப்பவர்கள் அதிகம்.

முதலில் தூளை இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். முகப்பவுடர் மாதிரி வழுவழுவென்று இருந்தால், துளையும் குண்டூசித் தலை அளவில் இருந்தால், அது உளுவண்டு. மண் பூசிய தடம் இருந்தால் கரையான். அது மரத்தின் பிரச்சினை இல்லை, தரையின், சுவரின் பிரச்சினை, வைத்தியமும் அங்கேதான். துளை மட்டும் இருக்கிறது, விளிம்பு கறுத்திருக்கிறது, தூளே இல்லை என்றால் அது பச்சை மரத்தில் வாழும் பூச்சி போட்ட பழைய துளை. மரம் காய்ந்ததும் அது செத்துப்போயிருக்கும். அதற்கு மருந்து வாங்குவது வீண்.

உளுவண்டு என்று தெரிந்தால், இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தூளைத் துடைத்துவிட்டு அடியில் ஒரு கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் தாளில் புதுத் தூள் விழுந்தால் உயிரோடு இருக்கிறது. தட்டினால் மட்டும் உதிர்வது பழைய தூளாக இருக்கலாம்.

அது தின்பது மரத்தில் இருக்கும் மாவுச்சத்தை. மாவுச்சத்து இருப்பது பட்டையை ஒட்டிய வெள்ளையில், உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்தில் இல்லை. அதனால்தான் நல்ல தேக்குச் சட்டத்தில் ஓரத்து வெள்ளை மட்டும் சல்லடையாகி, வைரம் சேதமில்லாமல் நிற்கும். மாமரத்தில் வெள்ளைக்கும் வைரத்துக்கும் வித்தியாசமே சரியாகத் தெரியாது. முழுப் பலகையும் அதற்குச் சாப்பாடு. வேம்பை எதுவும் தின்னாது என்பார்கள். வேம்பின் வெள்ளையை நன்றாகவே தின்னும்.

பச்சையாக இருக்கும்போதே மருந்து ஏற்றுவதுதான் உருப்படியான வழி. பத்து லிட்டர் நன்றாகச் சுட்ட தண்ணீரில் ஒன்றரைக் கிலோ வெங்காரம் (போராக்ஸ்), ஒரு கிலோ போரிக் அமிலம் கரையுங்கள். அறுத்த அன்றோ மறுநாளோ, பலகை ஈரமாக இருக்கும்போதே, அதில் முக்கி எடுத்து, ரீப்பர் வைக்காமல் நெருக்கி அடுக்கி, தார்ப்பாய் போட்டு இரண்டு மூன்று வாரம் மூடி வையுங்கள். மரத்தின் ஈரம் வழியாகவே மருந்து உள்ளே இறங்கும். அப்புறம் ரீப்பர் வைத்துக் காய வைக்கலாம். மழையில் நனையும் இடத்துச் சாமானுக்கு இது நிற்காது, கரைந்து ஓடிவிடும்.

பாலிஷ் போட்டு முடித்த மேசையில் வந்துவிட்டால் மேலே எதைத் தடவினாலும் பாலிஷ் உள்ளே விடாது. மரத்துக்கென்று கடையில் விற்கும் பூச்சி மருந்தை ஊசியால் துளை துளையாக ஏற்றி, மெழுகால் அடையுங்கள். மாதம் ஒருமுறை கறுப்புத் தாள் சோதனை. ஒரு வருடம் புதுத் தூள் இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம்.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் தேய்பிறை பார்த்து வெட்டிய மாமரத்தில் செய்த பெஞ்சு ஒன்று எட்டு மாதத்தில் மாவாகக் கொட்டியதை என் கையால் பெருக்கியிருக்கிறேன். கட்டையைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடும் பழைய வழக்கத்தில் எனக்கு அதைவிட நம்பிக்கை உண்டு. மாவுச்சத்து தண்ணீரில் போய்விடும். நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாற்காலிக் கால் முள்ளங்கி மாதிரிப் பட்டென்று ஒடிந்தது

கஜாவுக்கு முன் இது எனக்குத் தெரியாது.

பலாவில் செய்த நாற்காலி. கணு இல்லை, உளு இல்லை, ஈரம் 13. சாப்பிட்டு எழுந்தவர் பின்னால் சாய்ந்தார், பின்கால் ஒடிந்தது. நல்ல மரம் ஒடிந்தால் நார் நாராகப் பிய்ந்து, நீள நீளமாகச் சிலாம்பு நிற்கும். இது கத்தியால் வெட்டியது போல் மொட்டையாக இருந்தது. ஒடிந்த துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே மரத்தில் மிச்சமிருந்த பலகையை நைசாக இழைத்து, பட்டறைக் கதவைச் சாத்தி, டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்து அடித்துப் பார்த்தேன். குறுக்கே ஒரு மெல்லிய சுருக்கம் ஓடியது, இஸ்திரி போட்ட வேட்டியில் மடிப்பு கலைந்தது போல. ஒரு சாண் தள்ளி இன்னொன்று.

புயலில் மரம் வளையும்போது காற்றடிக்கும் பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும். நசுங்கும் பக்கத்து நார்கள் உயிர் மரத்திலேயே மடிந்துவிடுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. மரம் பிழைத்து நின்றாலும் அந்த மடிப்பு உள்ளே இருக்கும். பலகையாக்கிச் சுமை கொடுக்கும்போது அங்கேதான் ஒடியும்.

இதற்கு வைத்தியம் கிடையாது. பசையும் ஸ்க்ரூவும் ஒடிந்த இடத்தைப் பிடிக்கும், அடுத்த மடிப்பைப் பிடிக்காது. அதனால் புயலில் விழுந்த மரம் என்று தெரிந்தால் இப்படிச் செய்கிறேன்: எல்லாப் பலகையையும் முதலில் லேசாக இழைத்து, இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, சுருக்கம் தெரிந்ததில் சாக்பீஸால் கோடு போட்டுத் தனியாக அடுக்கிவிடுவேன். கால், கட்டில் பக்கச்சட்டம், ஊஞ்சல் பலகை எதற்கும் அதிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்க மாட்டேன். அலமாரிக் கதவின் நடுப்பலகை, டிராயர் முகப்பு, அஞ்சறைப் பெட்டி மாதிரிச் சுமை தாங்காத வேலைக்கு மட்டும். வேரோடு சாய்ந்த மரத்தை விட, நின்றபடி நடுவில் முறிந்த மரத்தில் இது அதிகம் என்பது நான் பார்த்த வரையில்.

அந்த நாற்காலிகள் ஆறையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். காசு போனது, வேறென்ன.

மேசைப் பலகை நடுவில் பிளந்துவிட்டது, செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை

மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். பலகையைச் சட்டத்தோடு நாலாப் பக்கமும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் காரணம் அதுதான். மேசை ஏசி அறையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தேக்கையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம், அதிகம் சுருங்காத மரம் என்று பெயர் வாங்கியது அது. பச்சையிலிருந்து முழுதாகக் காயும்வரை வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் ஐந்தரை சதவீதம் சுருங்கும். 28 புள்ளி ஈரத்துக்கு ஐந்தரை என்றால், ஒரு புள்ளிக்கு 0.2 சதவீதம். என் பட்டறையில் 14-இல் செய்த பலகை ஏசி அறையில் 9-க்கு இறங்கும். ஐந்து புள்ளி, ஒரு சதவீதம். மூன்று அடி அகலப் பலகையில் அது 9 மில்லிமீட்டர். ஸ்க்ரூ இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது, பலகை 9 மில்லி உள்ளே வரப் பார்க்கிறது. எங்கேயாவது கிழியாமல் என்ன செய்யும்?

சரிசெய்ய: எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு மேசையை அதே அறையில் ஒரு மாதம் விடுங்கள். பலகை தன் அளவுக்கு வந்து நிற்கட்டும். பிளவு தானாக மூடினால் பசை விட்டுக் கிளாம்ப் போடுங்கள். மூடாவிட்டால் பிளவை வாளால் நேராக்கி, அதே மரத்தில் ஒல்லியான கீற்று சீவி ஒட்டுங்கள். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால் அடுத்த மழையில் பலகை விரியும்போது அந்த அடைப்பே ஆப்பாகும். பிறகு சட்டத்தில் ஸ்க்ரூத் துளைகளைக் குறுக்குவாக்கில் நீட்டி, வாஷர் போட்டு, பலகை நகர்கிற மாதிரி முடுக்குங்கள். நடுவில் இருப்பதை மட்டும் இறுக்கலாம்.

இதை ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னபோது, "அப்ப மரம் செத்தும் மூச்சு விடுதுங்கறீங்க" என்றார். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, நெஞ்சில் கல்லை வைக்காதீர்கள் என்றேன்.

கால் ஆடுகிறது

நாக்கு, அதாவது துளைக்குள் செருகுவதற்காகச் சட்டத்தின் முனையில் செதுக்கிய பகுதி, சுருங்கித் துளைக்குள் தளர்ந்திருக்கிறது. காயாத மரத்தில் நாக்கு செதுக்கினால் வருவது. மேலும் பசை ஊற்றுவது வேலைக்காகாது, பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, நாக்கின் இரு முகத்திலும் மெல்லிய சீவல் ஒட்டிக் கனமாக்கி, மறுபடி சீவி இறுக்கமாக இறக்குங்கள். பிறகு குறுக்கே மூங்கில் ஆணி. நாக்கில் போடும் துளையைத் தோள் பக்கமாக (நாக்கு தொடங்கும் இடத்தை நோக்கி) ஒரு மில்லி தள்ளிப் போட்டால், ஆணி இறங்கும்போதே மூட்டை இழுத்துப் பூட்டும். தேக்கில் பசை விட்டுப்போனால் அதன் எண்ணெய்ப்பசை காரணமாக இருக்கலாம். ஒட்டுமுன் தின்னரால் துடைத்து, உலர்ந்ததும் உடனே ஒட்டுங்கள்.

இழைக்கும்போது பிய்கிறது

வாகை, வேம்பு, பலா மூன்றும் நார் மாறி மாறி ஓடும் மரம். ஒரு கோட்டில் இழைப்புளி வழுக்கும், அடுத்த கோட்டில் பிய்க்கும். தகட்டை மறுபடி தீட்டுங்கள், சீவல் பீடி இலை மாதிரி வராமல் வெங்காயத் தோல் மாதிரி வரும்படி குறையுங்கள், பலகைக்குச் சாய்வாகத் தள்ளுங்கள். அப்படியும் பிய்த்தால் இழைப்புளியை வைத்துவிட்டு ஸ்க்ரேப்பர் (சுரண்டும் தகடு) எடுங்கள். பழைய ஆசாரிகள் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி முடிப்பார்கள், இன்றைக்கும் அது மோசமான கருவி இல்லை. வாகையை அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் பட்டறையையே தும்ம வைக்கும்.

ஐப்பசி பிறந்ததும் டிராயர் திறக்கவில்லை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். "தம்பி, டிராயர் மாட்டிக்கிச்சு, வந்து கொஞ்சம் இழைச்சு விட்டுருங்க." இழைக்கக் கூடாது. மழைக்காலத்து அளவுக்கு இழைத்தால் சித்திரையில் டிராயர் லொடலொடவென்று ஆடும். ஓடும் விளிம்புகளில் மெழுகுவத்தியைத் தேய்த்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, பொங்கல்வரை பொறுக்கச் சொல்வேன். தை பிறந்தும் பிடித்தால் மட்டும் உரசும் இடத்தில் பென்சில் கரி தடவி, கரி எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே இரண்டு சீவல் எடுப்பேன்.

போன வருடம் பேராவூரணியில் ஓர் அம்மா கார்த்திகை முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தார். மாட்டுப்பொங்கல் முடிந்து இழைப்புளியோடு போனேன். டிராயர் ஒற்றை விரலில் திறந்தது. "நீ வர்றேன்னதும் பயந்துருச்சு போல" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.